கட்டளைச் சீட்டில் ஒரு கோடு

நான் கம்ப்யூட்டர் படித்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதைக் கண்ணாடி வழியாகப் பார்க்க எங்களுக்கு அனுமதி உண்டு.

கேரளப் பக்கத்து எல்லையில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், ரப்பர் ஷீட் வாங்கும் கடை ஒன்றின் மாடியில் இருந்தது எல்லைப்பகுதி கணினிப் பயிற்சி கேந்திரம். பெயர்ப்பலகையை மூன்று மொழிகளில் எழுதியதில் இருந்த ஒரே ஜன்னலும் மறைந்துபோனது. உள்ளே குளிரூட்டிய அறை ஒன்று. அதற்குள் மெஷினும், மெஷினை இயக்குகிற மோகனனும், அவனுடைய கம்பளிச் சட்டையும். வெளியே, மின்விசிறி இல்லாத வகுப்பில், செருப்பைக் கழற்றிவிட்டு நாங்கள் பதினெட்டுப் பேர். 1995-இல் எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டர் தெரியும் என்று சொல்லிக்கொள்ள இதுவே போதுமாக இருந்தது.

மெஷினில் எங்கள் விரல் படக்கூடாது. புரோகிராமை நோட்டில் எழுதிக் கொடுத்தால் மோகனன் அடித்து வைப்பான். அதன்பிறகு அதைக் கம்பைலரிடம் கொடுக்க வேண்டும். கம்பைலர் என்பது நாம் எழுதியதை மெஷினுக்கு விளங்கும்படி மாற்றித் தருகிற மென்பொருள். அதற்கு இடும் கட்டளை ஒரே வரிதான். முதலில் கம்பைலரின் பெயர், அடுத்து நம் புரோகிராமின் பெயர், தேவைப்பட்டால் ஒரு சிறு கோடு போட்டு அதை ஒட்டி ஏதாவது விசேஷக் குறிப்பு. இந்த ஒரு வரியை எழுதக் கேந்திரம் முழுநீளக் காகிதத்தில் ஒரு படிவம் அச்சடித்திருந்தது. கட்டளைச் சீட்டு என்று பெயர். மூன்று பிரதி எழுத வேண்டும்.

என்னோடு தனுவச்சபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள் உமையம்மாள் அக்கா. ஒரு ஆபீஸில் தற்காலிக எழுத்தர். ஆறு மாதம் முடிவதற்குள் நிறுத்திவிடுவார்கள், சில வாரம் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள். இப்படிப் பதினொரு வருடம். திருவனந்தபுரத்தில் ஒரு துறை, கம்ப்யூட்டர் படித்த எழுத்தர்களை நிரந்தரமாக எடுக்கப்போவதாக ஜூலையில் அறிவித்தது. மனு கொடுக்கக் கடைசி நாள் அக்டோபர் முப்பத்தொன்று. வயது முப்பத்தைந்து தாண்டியிருக்கக்கூடாது. அக்காவுக்கு அடுத்த மார்ச்சில் முப்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பு இல்லை. கேந்திரத்தின் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி.

அதற்குச் செய்முறைத் தேர்வில் ஒரு புரோகிராம் ஓட வேண்டும். அக்கா எழுதியது சின்னப் புரோகிராம். பிறந்த தேதியைக் கொடுத்தால் வயதைச் சொல்லும்.

கேந்திரத்தின் சுவரில் இருபத்திரண்டு சட்டங்கள் ஒட்டியிருந்தன. அவற்றை முழுக்கப் படித்த ஒரே ஆள் அக்காதான். அவள் வீட்டில் மூன்று தலைமுறை எழுத்தர்கள். தாத்தா காலத்தில் ஒரு நில மனுவில் கையெழுத்துக்கு மேலே இரண்டு விரல் இடம் காலியாக இருந்ததாம். அதில் யாரோ 'தென்னை மரங்கள் உட்பட' என்று எழுதிவிட்டார்களாம். அன்றுமுதல் அந்தக் குடும்பத்தில் யாரும் எந்தக் காகிதத்திலும் காலியிடம் விட்டதில்லை. சுவரில் இருந்த ஏழாம் சட்டமும் அதையேதான் சொன்னது: படிவத்தில் காலியிடம் இருந்தால் கோடிட்டு அடைக்க வேண்டும்.

கட்டளைச் சீட்டில் அக்கா கம்பைலரின் பெயரை எழுதினாள். புரோகிராமின் பெயரை எழுதினாள். மிச்ச இடத்தில், ஸ்கேல் வைத்து, நேராக ஒரு கோடு போட்டாள்.

ஒன்பதாம் சட்டம் இயக்குநருக்கானது: சீட்டில் உள்ளதை உள்ளபடி அடிக்க வேண்டும், சொந்தப் புத்தியைப் பயன்படுத்தக் கூடாது. மோகனன் கோட்டையும் அடித்தான்.

கோட்டைப் பார்த்ததும் ஏதோ விசேஷக் குறிப்பு வருகிறது என்று கம்பைலர் எதிர்பார்த்திருக்க வேண்டும். கோட்டுக்குப் பின் ஒன்றுமில்லை. அது திரையில் ஒரு வரி காட்டியது: 'எச்சரிக்கை. அறியாத குறிப்பு. பொருட்படுத்தவில்லை.' அதன்பிறகு தன் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்தது. புரோகிராம் ஓடியது. அக்காவின் பிறந்த தேதிக்கு முப்பத்துநாலு என்று சரியாகச் சொன்னது.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அச்சடித்த காகிதம் சூப்பிரண்டு ராஜன் சாரின் மேசைக்குப் போனது. அவர் விடையைப் பார்க்கவில்லை. எச்சரிக்கையைப் பார்த்தார்.

"உமையம்மாளே, இது என்னதாக்கும்?"

"சாரே, காலியிடத்துல கோடு போட்டேன். ஏழாம் சட்டத்துல உண்டு."

"அது சரி. கோடு போட்டது சரியாக்கும். நான் அதைச் சொல்லல்ல. இங்க பாருங்கோ, பொருட்படுத்தல்லைண்ணு எழுதியிருக்கு. யாரு பொருட்படுத்தல்ல?"

"கம்பைலர் சாரே."

"அதுக்கு யாரு அதிகாரம் கொடுத்தா?"

ராஜன் சார் எழுந்து வகுப்புக்கு வந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்கோ. மெஷின் நமக்குக் கீழ உள்ளதாக்கும். நான் இருபத்தாறு வருஷமாட்டு சர்வீஸ்ல உண்டு. மேல இருந்து வாற எந்தக் காகிதத்தையும் நான் பொருட்படுத்தல்லைண்ணு எழுதினதில்ல. பொருட்படுத்தாம இருந்திருக்கேன், அது வேற. எழுதினதில்ல. பொருட்படுத்தாம இருக்கியதுக்கும் ஒரு பதவி வேணும்."

அக்காவின் விடை நிறுத்திவைக்கப்பட்டது. அவள் ஒரு மாப்பு அபேட்சை எழுத வேண்டும் என்று உத்தரவானது. செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்கும் மனு. அதோடு, பிழை எப்படி நடந்தது என்று காட்ட அதே பிழையுள்ள புதிய கட்டளைச் சீட்டு ஒன்றையும் இணைக்க வேண்டும். இணைத்தாள். மோகனன் அதையும் அடித்தான். எச்சரிக்கை மறுபடி வந்தது. பிழை தொடர்கிறது என்று ராஜன் சார் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

அக்கா கோடில்லாமல் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். ஏழாம் சட்டத்தை மீறியதால் அது திரும்பி வந்தது.

அப்போதுதான் ராஜன் சாருக்கு இன்னொன்று தட்டுப்பட்டது. மற்ற பதினேழு பேரும் கோடே போட்டதில்லை. ஒருத்திக்கு மட்டும் எச்சரிக்கை வருவது நியாயமில்லை என்று அவர் முடிவுசெய்து, எல்லாரும் கோடு போட வேண்டும் என்றார். அடுத்த வாரம் பதினெட்டுப் பேருக்கும் எச்சரிக்கை வந்தது. வெள்ளறடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற ஜெஸி அக்காவிடம் பேசுவதை நிறுத்தினாள். நானும் இரண்டு நாள் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தேன். சட்டத்தை எழுதினவர்மேல் வரவேண்டிய கோபம், அதைப் படித்தவள்மேல் வந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்டில் நிபுணர் வந்தார். பெயர் வேதமாணிக்கம். ஓய்வுபெற்ற அதிகாரி, ஓய்வுக்குப் பிறகு கணினி நிபுணர். தவறான கட்டளை வந்தால் கம்பைலர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஆலோசனை சொல்ல அவரை வரவழைத்திருந்தார்கள். டீயும் வாழைப்பழத்தில் பொரித்த பழம்பொரியும் வந்தன. அவர் முதலில் பழம்பொரியைக் கவனித்தார். பிறகு பேசினார்.

"கம்பைலர் மூணு வகையாக்கும். முதல் வகை, பிழையைக் கண்டா அப்பவே நின்னுபோவும், இன்ன இடத்துல பிழைண்ணு சொல்லும். அது நல்லதுபோலத் தோணும். ஆனா அப்படிச் சொன்னா இவியொ உடனே திருத்திப்போடுவாவ. பின்னே நாம எதுக்கு? ரெண்டாவது வகை இங்க உள்ளது. ஒரு வார்த்தை முணங்கும், வேலையை முடிக்கும். இது ரொம்ப ஆபத்து, ஏண்ணா வேலை முடிஞ்சு போவுது. மூணாவது வகை, இவியொ என்ன நினைச்சு எழுதினாவண்ணு ஊகிச்சு அதைச் செய்யும். அது அதிகப்பிரசங்கி."

ராஜன் சார் குறித்துக்கொண்டே வந்தார். "அப்போ எதாக்கும் சரியான வகை?"

"நாலாவது. அது இன்னும் வரல்ல. பிழையைப் பாத்தா அது நிக்கப்பிடாது, போவவும் பிடாது. என்ன பிழைண்ணு சொல்லப்பிடாது. பிழை இல்லைண்ணும் சொல்லப்பிடாது. மேல கேக்கணும். முப்பத்தொண்ணு வருஷம் நான் அப்படியாக்கும் இருந்தேன். ஒரு காகிதத்துலயும் மாட்டினதில்ல. ஒரு காகிதமும் என்னைத் தாண்டிப் போனதுமில்ல."

எல்லாரும் கைதட்டினோம். தட்டாதவர்கள் யார் என்று ராஜன் சார் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது வகையை வேதமாணிக்கம் சாரே மூன்று வாரத்தில் உண்டாக்கினார். கம்பைலருக்கு முன்னால் நிற்கிற ஒரு புரோகிராம் அது. பெயர் 'மேற்பார்வை'. கட்டளையில் எது சரியில்லாவிட்டாலும் ஒரே பதில்தான் சொல்லும்: 'பிழை உள்ளது. உரிய இடத்தில் விசாரிக்கவும்.' உரிய இடம் எது என்று மோகனனைக் கேட்டோம். அவன் ராஜன் சாரைக் காட்டினான். ராஜன் சார் மெஷினைக் காட்டினார். ஜெஸி பதினோரு சீட்டு எழுதிய பிறகுதான் தன் புரோகிராமின் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டிவிட்டது என்று கண்டுபிடித்தாள். குறுக்கே மேற்பார்வை இல்லாவிட்டால் கம்பைலர் அதை முதல் நிமிடத்திலேயே சொல்லியிருக்கும்.

மேற்பார்வைக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒவ்வொரு கட்டளையின் கடைசியிலும் சூப்பிரண்டின் அனுமதி எண் இருக்க வேண்டும். அதை ராஜன் சார்தான் தன் கையால் எழுதுவார். தொடக்க நாளில் குத்துவிளக்கு ஏற்றி, முதல் சீட்டை அவரே எழுதினார். எண்ணைக் கடைசியில் எழுதுவதற்குப் பதில் முதலில் எழுதிவிட்டார். மேல் அதிகாரியின் எண் கடைசியில் வருவதா என்று நினைத்திருக்கலாம். மோகனன் உள்ளபடி அடித்தான். 'பிழை உள்ளது. உரிய இடத்தில் விசாரிக்கவும்' என்று திரையில் வந்தது.

குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ராஜன் சார் டெலிபோனில் வேதமாணிக்கம் சாரைக் கூப்பிட்டார். அடுத்த நாளே ஒரு திருத்தம் வந்தது. சூப்பிரண்டின் கட்டளையில் எந்தப் பிழை இருந்தாலும் மேற்பார்வை அதைக் கண்டுகொள்ளாது. எச்சரிக்கையும் காட்டாது. வகுப்பில் ராஜன் சார் அதற்கு விளக்கம் சொன்னார்.

"கீழ இருந்து வாறதாக்கும் பிழை. மேல இருந்து வந்தா அது தீர்மானம்."

அக்டோபர் வந்தது. அக்கா தினமும் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுக் கேந்திரத்தின் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் மோகனன் கம்பளிச் சட்டையோடு டீ குடிக்க இறங்கி வந்தான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அக்காவுக்க புரோகிராம் ஜூலையில ஓடி முடிஞ்சது, இப்பவும் உள்ள கிடக்கு," என்றான். "நல்லாட்டு ஓடும். நான் சும்மா இருக்கும்பம் எனக்க பிறந்த தேதியைப் போட்டுப் பாப்பேன்."

"மோகனா, அண்ணைக்கு நீ அந்தக் கோட்டை விட்டுட்டு அடிச்சிருந்தா?"

"ஒரு பிரச்சினையும் வந்திருக்காது."

"உனக்கு அண்ணைக்கே தெரியுமா?"

"தெரியும் அக்கா."

"பின்னே ஏன் அடிச்சே?"

மோகனன் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தான். "சொந்தப் புத்திண்ணு ஆயிடுமே," என்றான்.

அக்கா அவனைத் திட்டவில்லை. எனக்குத் திட்டத் தோன்றியது. ஆனால் அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அக்டோபர் இருபத்தாறாம் தேதி அக்கா ராஜன் சாரின் அறையில் நின்று அழுதுவிட்டாள். அழுகைக்குச் சட்டத்தில் இடமில்லாததால் சார் கொஞ்சம் தடுமாறினார். கடைசியில் ஒரு வழி சொன்னார். ஏழாம் சட்டத்தை அவர் ரத்து செய்து, நிறுத்திவைத்த விடையை ஏற்றுக்கொள்வார். பதிலுக்குப் பதினெட்டுப் பேரும் ஒரு உறுதிமொழியில் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட வேண்டும். 'இனி எந்தப் படிவத்திலும், எந்த இடத்திலும், எக்காலத்திலும் காலியிடத்தில் கோடு போட மாட்டேன். மீறினால் சான்றிதழ் ரத்தாவதற்குச் சம்மதிக்கிறேன்.'

"எந்தப் படிவத்துலயுமா சாரே?" என்று அக்கா கேட்டாள்.

"சட்டம்ண்ணு சொன்னா எல்லாத்துக்கும் பொதுவாட்டு இருக்கணும், மனசிலாச்சா?"

உறுதிமொழியின் அடியில் நாலு விரல் இடம் காலியாக இருந்தது. அக்காவின் கை அங்கே போய் நின்றதை நான் பார்த்தேன். பிறகு கோடு போடாமல் ஒப்பு போட்டாள். மூன்று தலைமுறையில் அவள்தான் முதல் ஆள்.

இருபத்தெட்டாம் தேதி சான்றிதழ் அச்சானது. அதற்கென்று ஒரு புரோகிராம் உண்டு. பெயர், பதிவு எண், தேதி மூன்றையும் கட்டளையில் வரிசையாகக் கொடுக்க வேண்டும். சூப்பிரண்டு மட்டும்தான் கொடுக்கலாம். ராஜன் சார் பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டுத் தேதியை மறந்துவிட்டார். வேறு யாராவது மறந்திருந்தால் பிழை உள்ளது என்று வந்திருக்கும். சாருடையது என்பதால் மேற்பார்வை கண்டுகொள்ளவில்லை. தேதி இல்லாததால் புரோகிராம் மெஷினின் கடிகாரத்தைக் கேட்டது. கடிகாரத்தின் பாட்டரி எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. பாட்டரி தீர்ந்தால் அந்த மெஷின்கள் காலத்தின் தொடக்கத்துக்குப் போய்விடும். அவற்றுக்குக் காலம் தொடங்கியது 1980 ஜனவரி ஒன்றாம் தேதி.

உமையம்மாள் அக்கா 1980 ஜனவரி ஒன்றாம் தேதி கம்ப்யூட்டர் தேர்வில் தேறியதாகச் சான்றிதழ் வந்தது. அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. கேந்திரம் தொடங்க இன்னும் பன்னிரண்டு வருடம் இருந்தது.

"சாரே, தேதி தப்பாட்டு இருக்கு."

ராஜன் சார் பார்த்தார்.

"எச்சரிக்கை ஏதும் வந்துதா மோகனா?"

"இல்ல சாரே."

"அப்போ பிழை இல்ல." சான்றிதழில் ஒப்பு போட்டு முத்திரை குத்தினார். "வேணும்ண்ணா திருத்தத்துக்கு ஒரு மாப்பு அபேட்சை கொடுங்கோ. ரெண்டு மாசம் ஆவும்."

அக்காவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. மெஷினின் கணக்குப்படி அவளுக்கு வயது கடக்க இன்னும் பதினாறு வருடம் இருந்தது. அந்தக் கணக்கு வேறு எங்கும் செல்லாது.

முப்பதாம் தேதி இரண்டு பேரும் திருவனந்தபுரம் போனோம். அந்த ஆபீஸின் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து அக்கா மனுவை நிரப்பினாள். நல்ல கையெழுத்து அவளுக்கு. பதினாலாவது கலத்தில் கேட்டிருந்தார்கள்: 'முன்பு அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டிருந்தால் அதன் விவரம்.' ஆறு மாதத்துக்கொரு முறை நிறுத்துவது நீக்கம் ஆகாது, அதனால் எழுத ஒன்றுமில்லை. அக்காவின் பேனா தானாகவே கலத்தின் இடது ஓரத்தில் போய் நின்றது.

"வேண்டாம் அக்கா," என்றேன். "ஒப்பு போட்டுக் கொடுத்திருக்கியோ. எந்தப் படிவத்துலயும்ண்ணு எழுதியிருக்கு. சான்றிதழை ரத்து செஞ்சுபோடுவாவ."

"இது வேற ஆபீஸாக்கும், பிந்து."

"ராஜன் சார் யாரையாவது விட்டுப் பாத்தா? ஏன் வம்பு?"

அக்கா கொஞ்சநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூடி போட்டாள். பதினாலாவது கலம் வெள்ளையாகவே இருந்தது. ஜன்னலில் மனுவை வாங்கியவர் 1980-ஐப் பார்ப்பாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சீல் குத்தி உள்ளே போட்டுவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் பல மாதங்களுக்குப் பிறகு அக்கா தூங்கினாள்.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. சாயங்காலம் அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு நீட்டினாள்.

'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. சான்றிதழ்கள் முறையாக உள்ளன. ஆனால் கலம் 14-இல் காலியிடம் கோடிட்டு அடைக்கப்படாததால் மனு முழுமையற்றது எனக் கருதித் தள்ளுபடி செய்யப்படுகிறது.'

இரண்டு தடவை படித்தேன். சான்றிதழ்கள் முறையாக உள்ளன என்பதை மூன்றாவது தடவையும் படித்தேன்.

"அக்கா, நானாக்கும் சொன்னது. கோடு போடவேண்டாம்ண்ணு."

"நீ சொன்னதுனால இல்ல மக்கா. பயந்தது நானாக்கும்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவள் முகத்தில் அலுப்புதான் இருந்தது, பதினொரு வருடத்தின் அலுப்பு. அடுத்த வாரம் ஆபீஸில் மறுபடி நிறுத்திவிடுவார்கள், ஏப்ரலில் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள் என்று சொன்னாள். மார்ச்சில் வயது முடிகிறது என்பதை இரண்டு பேரும் சொல்லவில்லை.

கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி மேசைமேல் விரித்தாள். செய்திக்கும் அதிகாரியின் ஒப்புக்கும் நடுவில் கால் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. அவர்கள் அதில் கோடு போட்டிருக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

அக்கா ஸ்கேலை எடுத்தாள். ஓரத்திலிருந்து ஓரம்வரை, அவர்களுக்காக ஒரு கோடு போட்டாள்.